நாங்கள் செய்யாத செல்

சவடால் விட்டவனே மாட்டிக்கொண்டால் அது நியாயம். என் சவடாலில் மாட்டிக்கொண்டவள் என் தங்கை செல்வி. அதனால் இந்தக் கதையை இன்றும் என்னால் முழுசாகச் சிரித்துச் சொல்ல முடிவதில்லை.

அப்போது நான் திருவொற்றியூரில் டார்ச் செல் செய்யும் கம்பெனியில் இருந்தேன். வண்ணாரப்பேட்டை பிளாட்பாரத்தில் வெளிநாட்டு செல் பாதி விலைக்குக் குவிந்ததும், எங்கள் மூன்று ஷிஃப்ட் ஒன்றாகிப்போனது. வீட்டில் அந்நியப் பொருள் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று கேட் மீட்டிங்கில் சத்தியம் செய்தோம். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் நான் (தொண்டைக்கு மட்டும் அன்று ஃபுல் ஷிஃப்ட்).

நேராக வீட்டுக்குப் போய்க் கடிகாரம், ரேடியோ எல்லாவற்றையும் சாக்கில் போட்டேன். கடைசியில் நைனாவின் காது மெஷின். சாத்தாங்காட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் தகடு தட்டியதில் அவருக்குக் காது போயிருந்தது.

"டேய், அத்த வுட்ருடா. நாளைக்கு செல்வியப் பாக்க வர்றாங்க."

"நம்ம கம்பெனி செல்லு போட்டுத் தர்றேன் நைனா!" என்று சொல்லி, அந்தப் பொத்தான் அளவு செல்லைப் பிடுங்கினேன். சாக்கைக் கம்பெனி கேட்டுக்குக் கொண்டுபோய், எல்லாம் லாரிச் சக்கரத்தில் நசுங்கிய பிறகுதான், அந்த அளவில் எங்கள் கம்பெனி செல்லே செய்வதில்லை என்பது உறைத்தது. (ஆறு வருஷம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன்!)

மறுநாள் ஞாயிறு. அந்தச் செல் விற்கும் கடை பூட்டு. அம்மா இல்லாத வீடு. பேச வேண்டியவர் நைனாதான். கல்யாணத்துக்குப் பிறகும் தையல் கம்பெனி வேலையை விடமாட்டேன் என்பது செல்வியின் ஒரே நிபந்தனை. பேசி முடிப்பதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு இனிமே வேலைக்குப் போவக்கூடாது. சம்மதம்தானே?" என்றார்.

நைனா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் செல் கதை வெளியே வருமே!

காபித் தட்டோடு நின்ற செல்வியின் முகம் செத்துப்போனது. தட்டைக் கீழே வைத்தாள். "எங்க நைனாவுக்குக் காது கேக்காதுமா. எனக்குக் கேக்குது. நான் வேலைய வுட மாட்டேன்."

காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். ஒன்றும் புரியாத நைனா வாசல்வரை போய்க் கைகூப்பி வழியனுப்பிவிட்டு, "இன்னாடா ஆச்சு? ஏன் அல்லாரும் பூட்டாங்க?" என்று என்னையே கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த வருஷம் கம்பெனி மூடியது. எங்கள் வீட்டில் உலை கொதித்தது செல்வியின் சம்பளத்தில்தான். அவள் தைத்ததெல்லாம் வெளிநாட்டுக்காரன் போடுகிற சட்டை.

பிறகு அவள் மனசுக்குப் பிடித்த இடமே அமைந்தது. இன்றும் வீட்டில் எந்த விசேஷமானாலும், தாம்பூலத் தட்டை எடுப்பதற்கு முன் சபை நடுவில் என்னைப் பார்த்துக் கேட்பாள்:

"இன்னாண்ணா, இன்னிக்கி எந்த நாட்டு மேல கோவம்?"