அப்பா பார்த்த சுழி

வீடியோ காலைக் கண்டுபிடித்தவருக்கு என் அப்பாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வேலையையே செய்திருக்க மாட்டார்.

அப்பாவுக்கு உடுமலையில் தேங்காய் வியாபாரம். நினைப்பு முழுக்க மாட்டுச் சுழியில். நெற்றி முடி எப்படிச் சுழிக்கிறது என்று பார்த்து, அந்த மாடு குடும்பத்தை வாழவைக்குமா கவிழ்க்குமா என்று சொல்லிவிடுவார் (எங்கள் குடும்பத்தைக் கவிழ்த்தது எந்த மாடும் இல்லை, அவருடைய வாய்தான்).

நான் கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படித்தபோது, கூடப் படித்த ஐசுலு மலைமேல் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சீராகக் கொடுக்க, இன்னும் கன்று ஈனாத ஒரு கிடாரியைக் குளிப்பாட்டிக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். பார்வை மட்டும் பக்கத்தில் நின்ற கறவை மாட்டின்மேல். வீட்டில் பால் தருவது அது ஒன்றுதான்.

சரியாக அப்போது அப்பா வீடியோ காலில் கூப்பிட்டார். நானும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு கிடாரியைக் காட்டினேன்.

"கண்ணு, போனை நெத்திகிட்ட கொண்டு போ... ஐயையோ, ரெட்டைச் சுழி! இதெ உள்ள உட்டா அந்த ஊடு வெளங்காதுன்னு சொல்லிப்போடு!"

"ஏனுங்கப்பா, சித்த சும்மா இருங்க!"

"நல்லதுக்குத்தானே அம்மணி சொல்றேன்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. என்னவாம் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். மாடு அழகாக இருக்கிறதாம் என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். நானோ அவர்கள் மொழியில் முழுவதையும் ஒப்பித்தேன் (பரீட்சையில்கூட அவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை).

அந்த அம்மாள் இதற்கே காத்திருந்தவர் மாதிரி, "அப்படியானால் அது வேண்டாம், இதைக் கொடுங்கள்" என்று கறவை மாட்டின் கயிற்றை அவிழ்த்தார். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் வீட்டுக்காரர்கள் அதை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் அப்பா, "என்ன கண்ணு, ஒத்துக்கிட்டாங்களா?" என்றார். கட் செய்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதை எடுத்துவிடுவார். "இங்க உக்காந்துட்டே அங்க ஒரு குடும்பத்தைக் காப்பாத்திப்போட்டேனுங்க!" வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மீதியை நான்தான் சொல்வேன். மறுநாள் காலையில் ஐசுலுவின் அம்மா, சொம்பில் மிச்சம் இருந்த பாலை என் டீயில் மட்டும் ஊற்றினார். அவர்கள் எல்லோரும் பாலில்லாத டீயைக் குடித்தார்கள்.

சிரிப்பு நின்றுவிடும். அப்பா மட்டும், "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்பார்.