நான் பிரித்துவிட்ட ரெட்டையர்கள்

தேனியிலிருந்து கம்பம் வரை எந்த வீட்டில் ரெட்டைப் பிள்ளை பிறந்தாலும், தகப்பனுக்கு முன்னால் சேதி தெரிந்துவிடும் ஒரே மனிதர் எங்கள் கல்லூரி ரெட்டை சார்தான். புள்ளியியல் வாத்தியார். சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள்.

சின்னமனூர் பஸ்ஸில் ஒரே சாயலில் இரண்டு பெரியவர்களைப் பார்த்தால், அவர்கள் இறங்கும் ஊரில் இவரும் இறங்கிவிடுவார். "அண்ணே, ரெண்டு பேருக்கும் பிரஷர் எம்புட்டு?" ஒரு தடவை அவர்கள் மாமன் மச்சானாம். அடிக்காமல் விட்டார்களே!

டாக்டர்கள் நிஜமாகவே ரெட்டையர்களை அளந்து எழுதிய ரத்த அழுத்தக் கணக்கை வைத்துத்தான் பாடம் நடத்துவார். ஆளுக்கொரு அட்டை. கூடப் பிறந்த இரண்டு அட்டைக்கும் ஒரு ரப்பர் பேண்ட். "கற்பனைக் கணக்குக்கு நாடி துடிக்காது ஆத்தா" என்பார். எனக்கு விளங்காது; தலையைக் குனிந்துகொண்டு கூட்டுவேன்.

இந்த வேலைக்கு முன் போடியில் ஏலக்காய் தரம் பிரித்தவள் நான். பெரிசு பெரிசோடு, சிறிசு சிறிசோடு. ஒரு நாள் காலை, மேசையில் அந்த அட்டைகளைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. இற்றுப்போன ரப்பர் பேண்டுகளை உருவிப் போட்டுவிட்டு, சின்ன பிரஷர் எண்ணிலிருந்து பெரிய எண் வரை அழகாக அடுக்கி வைத்தேன்.

மாணவர்களோடு வந்த சார் திகைத்து நின்றார். பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் கத்தினார். "ஏ கிழவி, என்ன செஞ்சு வச்சிருக்க? நாளையிலேருந்து வேலைக்கு வராத!"

கதவுக்குப் பின்னால் ஒடுங்கினேன். அந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கில்லை.

சார் பக்கத்துப் பக்கத்து அட்டைகளை ஜோடி சேர்த்துப் பார்த்தார். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே, இங்கன பாருங்க! எண்ணைப் பாத்து ஜோடி சேத்தா ஊர்ல எல்லாரும் ரெட்டைதான். ஆத்தா ஒரே காலையில எம்புட்டுப் பிரசவம் பாத்திருக்காக!"

"அப்ப நெசமான ஜோடி, சார்?" என்றாள் ஒரு பெண்.

"அட்டைக்குப் பின்னால குடும்ப நம்பர் இருக்கு. அதை வச்சுச் சேத்து, அந்தக் கணக்கையும் ஆத்தா சேத்த கணக்கையும் ஒப்பிடுங்க. பெறப்பு சேத்தது வேற, நாம சேக்குறது வேற. இதைத்தான் ஒரு மாசமா கத்துறேன்."

சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "ஆத்தா வரலைன்னா நாளைக்கு நானும் வரல."

சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். "உள்ள வாங்க ஆத்தா" என்று சார் முன் பெஞ்சைக் காட்டினார். அஞ்சாம் வகுப்புக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடம் பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆனாலும் மணி அடித்தபோது, அதற்குள் ஏன் அடித்தார்கள் என்றிருந்தது.