இருமினால் மழை

வானம் துரோகம் செய்துவிட்டது. ஒரு வாரம் ஓயாமல் கொட்டித் தீர்த்த மழை, அறக்கட்டளையின் அம்மையார் கூரையைப் பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டது. மாலைப் பள்ளியின் வாசலில் நின்று, அதை நடத்தும் சங்கத்தின் செயலாளர் அண்ணாந்து பார்த்தார். நீலம்! எங்கு நோக்கினும் வெட்கங்கெட்ட நீலம்!

கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைக்கும் அவருக்கு அந்தப் பள்ளிதான் உயிர். மூட்டை தூக்குவோரின் பிள்ளைகளும் வீட்டு வேலை செய்வோரின் பிள்ளைகளும் விளக்கையும் எழுத்தையும் ஒருசேரக் காணும் இடம் அது ஒன்றே. அதன் தகரக் கூரையோ சல்லடை. பிள்ளைகள் ஒரு கையால் எழுதி, மறு கையால் குடை பிடித்தார்கள். மாதம் முடிவதற்குள் கூரையை மாற்றாவிட்டால் கதவுக்குப் பூட்டு என்று நகராட்சி சொல்லிவிட்டது. சங்கத்தின் சார்பில் அறக்கட்டளையிடம் உதவி கேட்டு ஓராண்டு ஓடியும் பதில் இல்லை. நேற்றுத்தான் தொலைபேசி வந்தது: "நாளைக்கு மேடம் கூரையைப் பாக்க வர்றாங்க."

"மழை இல்லேன்னா என்ன? அண்ணாந்து பாத்தா சூரியனே தெரியுமே! ஓட்டை எங்க ஓடியா போயிடும்?" என்றாள் மனைவி.

ஓடித்தான் போயிருந்தது. கதவைத் திறந்த செயலாளர் திகைத்து நின்றார். சுவருக்குச் சுவர், தகரத்துக்குக் கீழே, வெள்ளை வெளேரென்று துணி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஓர் ஓட்டைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"யார் பாத்த வேலை இது?"

"நான்தான்யா!" என்று முழங்கியபடி உள்ளே வந்தார் சங்கத் தலைவர். நாற்காலியும் ஷாமியானாவும் வாடகைக்கு விடுபவர். மேடை கிடைத்தால் இறங்காதவர். "என் கடையிலயே ஒசத்தியான துணி. ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது. விருந்தாளிகிட்ட நம்ம கந்தலைக் காட்டிக் கையேந்தறதா? மானம் வேணாமாய்யா உமக்கு?"

செயலாளர் தலை குனிந்தார். மானத்தைப் பற்றித் தலைவர் முழங்கிய எத்தனையோ கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவர் அவர். தட்டிய கையால் துணியைக் கிழிக்க முடியுமா?

தலைவர் மாலை வாங்கப் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "மானத்தை ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போயிட்டாரு. இப்ப ஓட்டையை எப்படிக் காட்டுவீங்க?"

"காட்டறதுக்கு நான் இருக்கேன்," என்றான் அவள் தம்பி. குழாய் வேலை செய்பவன். "மாமா, வாளியோட நான் கூரை மேல ஏறிடறேன். நீங்க கீழேருந்து இருமுங்க. ஒரு இருமலுக்கு ஒரு வாளி. ஒழுகுறதை அந்தம்மா கண்ணாலயே பாக்கட்டும்."

"அது பொய்யில்லையாடா?"

"நேத்து ஒழுகினது பொய்யா மாமா?"

செயலாளர் வாளியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

அம்மையார் வந்தார். பட்டுப் புடவை, மூக்குக்கண்ணாடி, அளந்த சிரிப்பு. வந்ததும் அண்ணாந்து பார்த்து, "அடடே, நல்லா செஞ்சிருக்கீங்களே!" என்றார். செயலாளர் மனைவியைப் பார்த்தார். பளபளக்கும் துணியைப் பார்த்து, இவர்களுக்கு என்ன குறை என்று போய்விட்டால் பிள்ளைகள் கதி?

"துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டறீங்களா?" என்று கேட்டார் அம்மையார்.

"வேணாம்மா, தூசி கொட்டும்!" என்று குறுக்கே பாய்ந்தார் தலைவர். "உக்காருங்க. நாலு வார்த்தை பேசிடறேன்." நடு அறையில் நாற்காலியைப் போட்டு அவரை அமர்த்தி, பேச்சைத் தொடங்கினார்.

என்ன செய்வார் செயலாளர்? இருமினார்.

மேலே தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. ஓங்கி இருமினார். மறுபடியும் ஓசை, மறுபடியும் ஒன்றுமில்லை. குரல்வளை கிழிய இருமினார்.

அம்மையார் முகம் மாறியது. "என்னங்க, நெஞ்சுல ஏதாவது கோளாறா? வைத்திய உதவிக்கும் எங்ககிட்ட நிதி இருக்கு."

"அதெல்லாம் இல்லம்... ம்ஹ்... ம்ஹூம்!" பதில் சொல்லப்போன இடத்தில் உண்மையான இருமலே வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிட்டது. ஒவ்வோர் இருமலுக்கும் ஒரு வாளி. கொடுத்த வாக்கில் மைத்துனன் தவறவில்லை.

மனைவி அவர் விலாவில் இடித்தாள். "மேல பாருங்க!"

பார்த்தார். இருமல் நின்றுவிட்டது; மூச்சும் நின்றுவிடும்போல் இருந்தது. ஒரு சொட்டும் இறங்காத அந்த ஒசத்தியான துணி, ஊற்றிய தண்ணீரையெல்லாம் தன் வயிற்றில் வாங்கி, நிறைமாதக் கர்ப்பிணியாய்ச் சரிந்து, சரியாக அம்மையாரின் கொண்டைக்கு ஒரு முழம் மேலே தொங்கியது.

"இந்தச் சங்கம் எதையும் மறைக்காது!" என்று முழங்கினார் தலைவர்.

செயலாளர் ஒரு குடையை எடுத்தார். அந்த வயிற்றை மெல்ல ஓரமாய்த் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தார். குடைக்கம்பி அப்படி நினைக்கவில்லை.

படீரென்று கிழிந்தது துணி. கொட்டியதை மழை என்று சொல்லக் கூடாது, வெள்ளம். அம்மையாரின் மூக்குக்கண்ணாடி மிதந்து போயிற்று. தலைவரின் பேச்சு நனைந்து நின்றது. அதிர்ச்சியில் மேலே கால் இடறிய மைத்துனன், துருப்பிடித்த தகரத்தைப் பொத்துக்கொண்டு முழங்கால்வரை உள்ளே இறங்கினான்.

தொங்கிய கால் பேசியது: "மாமா, இன்னும் ஒரு வாளி பாக்கி இருக்கு. ஊத்தவா?"

அம்மையார் எழுந்தார். கூரையின் ஓட்டைகளை ஒரு முறை பார்த்தார்; தலைவரை ஒரு முறை பார்த்தார்; விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தார். செயலாளர் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா! என்னைத் திட்டுங்க, அடிங்க. புள்ளைங்களைக் கைவிட்டுடாதீங்க! தண்ணிதாம்மா பொய், ஓட்டை சத்தியம்! துணியைக் கட்டி மூடிட்டாங்களேன்னு, உங்களுக்குக் காட்டணும்னுதான் இப்படிப் பண்ணிட்டேன். ஒரு கூரை, ஒரே ஒரு கூரை போட்டுக் குடுங்கம்மா!"

அம்மையார் திரும்பினார். துவாலையை அவரிடம் நீட்டிய ஓட்டுநர், செயலாளரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன சார் சொல்றீங்க? கூரைக்கான பணத்தைப் போன வருஷமே உங்க தலைவர் வந்து கையோட வாங்கிட்டுப் போயிட்டாரே. போட்ட புதுக் கூரை எப்படி இருக்குன்னு பாக்கத்தானே அம்மா வந்தாங்க!"