ஜீப்புக்குள் சொன்ன பிரார்த்தனை

பாறசாலை

அன்புள்ள மைத்துனன் சஜுவுக்கு, அத்தான் சுந்தரதாஸ் எழுதுவது. நீ கோயம்புத்தூரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அக்கா பிரசீதா போனில் அழுதாள் என்று நீ லீவு போட வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லப் பயம். இப்போதெல்லாம் எது எங்கே கேட்கும் என்று தெரியவில்லை.

நான் ஓட்டும் போலீஸ் ஜீப்பில் கேமரா வைத்துவிட்டார்கள். ஒரு கண் ரோட்டைப் பார்க்கும், ஒரு கண் எங்களைப் பார்க்கும், காதும் உண்டு. அன்றிலிருந்து ஜீப் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது, கொட்டாவிகூட வாயைப் பொத்தித்தான். புது இன்ஸ்பெக்டர் வடக்கே கண்ணூர்க்காரர், தமிழ் தெரியாது. ஹார்ன் அடித்தால் ஏன் அடித்தாய், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை. நான் மலையாளத்தில் தலையாட்டுவேன், அவர் இறங்கிப் போனதும் தமிழில் மனசாரத் திட்டுவேன், அதுவும் சாவியை உருவிவிட்டு. சாவியை உருவினால் கேமராப் பெட்டியும் உறங்கிவிடும் என்று நினைத்தேன், அது உறங்கல மக்கா, நான் பேசினதெல்லாம் அப்படியே பதிஞ்சு கிடக்கு.

மலையாளம் அல்லாத பேச்சை மலையாளத்தில் எழுதி ஃபைலில் சேர்க்கணுமாம். ஸ்டேஷனில் எல்லாருக்கும் தமிழ் தெரியும், ஆனால் கேட்டபோது ஒருத்தன் விடாமல் சினிமாத் தமிழ்தான் தெரியும் என்று கையை விரித்துவிட்டான். என் திட்டுக்கு நானே மொழிபெயர்ப்பு! உள்ளதை எழுதினால் கேரளத்தின் வடகோடிக் காசர்கோட்டுக்குத் தூக்கிப் போடுவார்கள். என் அப்பனோ வாதம் வந்து கிடக்கிறார், ரெண்டு பேர் பிடிச்சாத்தான் புரட்டிக் கிடத்த முடியும், உன் அக்கா ஒத்தையில என்ன செய்வா, நினைச்சா சோறு இறங்கல. அதனால ‘இந்த மூதேவி கட்டையில போவான்’ என்பதை ‘சார் நீடூழி வாழட்டும்’ என்றும், ‘இவன் நாக்கு புழுத்துப் போகும்’ என்பதை ‘சாரின் வாக்கு இனிமையானது’ என்றும் எழுதிக் கொடுத்தேன். முழுக்கப் பிரார்த்தனையாக்கும். சார் வாசித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இனிப் பயமில்லை, நீ வர வேண்டாம்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ ஏறும் எந்த வண்டியிலும் பெட்டி காது வைக்காமல் இருக்கட்டும் என்று வேண்டும்,

அத்தான்
சுந்தரதாஸ்

பி.கு.: கவர் ஒட்டும் நேரத்தில் சார் கூப்பிட்டார். காசர்கோட்டு ஆர்டரைக் கையில் தந்துவிட்டு நம்ம ஊர்த் தமிழிலேயே சொன்னார்: “எலே சுந்தரதாஸ், எனக்க அம்மை களியக்காவிளைக்காரியாக்கும். நீ எழுதினது பலிக்கட்டும், பேசினது பலிக்காண்டாம்.” நீ கடிதம் கண்டதும் பஸ் ஏறி வா. அப்பனைப் புரட்ட ஆளில்லை.