ஞானராஜ் சாரின் நேம் டேக்

நல்ல பொருளைக் கெடுத்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவன் நான். (கெடுக்காமல் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.) பல்லாவரத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு ஷட்டர் கடை. முன்பு பெல்ட்டும் பர்ஸும் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பழைய போர் விமானிகளின் தோல் ஜாக்கெட்டுகளைச் சேர்த்து வைக்கும் வெளிநாட்டுப் பைத்தியங்களுக்கு நேம் டேக் செய்து அனுப்புகிறேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டு. மேலே இறக்கைச் சின்னம், கீழே விமானியின் பெயர். இரண்டையும் தங்கத் தாள் வைத்துச் சூட்டில் அழுத்தினால் பளபளவென்று வந்துவிடும்.

என் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். உப்புத்தாளால் தேய்ப்பேன். டீ டிகாஷனில் ஊறவைப்பேன். பேன்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தாம்பரம் ரயிலில் உட்கார்ந்து வருவேன். கடைசியாக ஒரு மூலையை ஊதுபத்தியால் லேசாகக் கருக்குவேன். அந்தக் கருகலைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் சொக்கிப்போவார்கள். எந்தப் போரில் எரிந்ததோ என்று அவர்களாகவே கற்பனை செய்துகொள்வார்கள். நான் மறுப்பதில்லை.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு நான் நிம்மதியாக இருந்த காலத்தில்தான், அஸ்தினாபுரத்திலிருந்து ஜெசிந்தா டீச்சர் வந்தார். என் மகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவர். கையில் ஒரு பழைய தோல் ஜாக்கெட். விரித்ததும் கடை முழுக்க ரசகற்பூர வாசனை. அவருடைய அப்பா ஞானராஜ் சார் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய ஜாக்கெட். நெஞ்சுப் பக்கம் டேக் இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல், சுற்றிலும் ஊசித் துளைகளோடு இருந்தது. டேக் எப்போதோ தொலைந்துவிட்டது.

சாருக்கு நினைவு போய்விட்டதாம். மகளையே யார் என்று கேட்கிறாராம். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். எண்பதாவது பிறந்த நாளைக்கு அந்த ஜாக்கெட்டைப் பழையபடி பேரோடு கையில் கொடுத்தால், ஒரு நாளாவது தான் யார் என்று தெரிந்துகொள்வார் என்று டீச்சர் நம்பினார். "ஒரிஜினல் மாதிரியே இருக்கணும் பாய்" என்றார். இளவயது ஞானராஜ் சார் விமானத்தின் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் படம் ஒன்றையும் கொடுத்தார்.

என்னிடம் வந்து ஒரிஜினல் என்று சொல்லலாமா? படத்தைப் பெரிதாக்கி எழுத்துகளின் வளைவைப் படித்தேன். இறக்கையின் சிறகுகளைப் படித்தேன். தோலில் விழுந்த துளை மூடாது என்பதால், பழைய துளைகளிலேயே ஊசி இறங்கும்படி அளவெடுத்தேன். படத்தில் அந்த டேக் கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தது. அது மட்டும் என் மரமண்டையில் ஏறவில்லை. வழக்கம்போலத் தேய்த்தேன், ஊறவைத்தேன், ரயிலில் உட்கார்ந்தேன். வேண்டியவர்கள் ஆயிற்றே என்று கருகலைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

பிறந்த நாளுக்கு டீச்சர் வீட்டில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஹால் முழுக்க சொந்தக்காரர்கள், பலூன், கேக், பாஸ்டர். டீச்சர் ஜாக்கெட்டை அப்பாவின் மடியில் வைத்தார். சார் விரலால் எழுத்துகளைத் தடவினார். "ஞானராஜ்" என்று வாய்விட்டுப் படித்தார். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடக்கமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். (அதற்குப் பிறகு இன்றுவரை அந்த முகத்தை நான் வைத்துக்கொண்டதில்லை.)

விரல் நகர்ந்து கருகிய மூலைக்கு வந்து நின்றது. சார் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நம்ம ஞானராஜா? எப்ப போனான்?"



"நல்ல பையன். லேண்டிங்லதான் கொஞ்சம் அவசரப்படுவான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "கல்யாணம் ஆயிருந்துதாம்மா?" என்று கேட்டார்.

டீச்சர் அவர் மடியில் நழுவிய ஜாக்கெட்டைச் சரிசெய்தார். "ஆயிருந்துது. ஒரு பொண்ணு."

"பாவம் அந்தப் பொண்ணு" என்றார் சார்.

சொல்லிவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து விறைப்பாக நின்றார். இரண்டு நிமிடம் மௌனம் என்று உத்தரவு. அந்தக் குரலுக்கு ஹாலே எழுந்து நின்றது. பிறந்த நாள்காரர் முன்னால் நிற்க, அவருடைய சாவுக்கு நாங்கள் எல்லோரும் தலை குனிந்தோம். மெழுகுவத்தி உருகிக் கேக்கின் மேல் ஒழுகியது. அணைக்க யாருக்கும் தைரியமில்லை. என் நகக்கண்ணில் டிகாஷன் கறை இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அடுத்து சார் பாஸ்டரை ஜெபம் பண்ணச் சொன்னார். நீடித்த ஆயுளுக்கு ஜெபம் தயார் செய்துகொண்டு வந்த மனிதர், பாவம், "இந்த நல்லவரைத் தந்ததற்கு ஸ்தோத்திரம்" என்று எந்தப் பக்கமும் சாயாமல் முடித்தார். துக்க வீட்டில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள். சார் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்.

வாசலில் டீச்சரிடம், புதிதாகக் கண்ணாடி மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று கெஞ்சினேன். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

"வேணாம் பாய். தினம் என்னை யாருன்னு கேக்கறாரு. இன்னிக்குத்தான் ஒரு பொண்ணு இருக்கான்னு அவர் மனசுல பட்டுது. பாவம்னு வேற சொன்னாரு."

வீடு போய்ச் சேரும்வரை எனக்கு மூளை ஓடவில்லை. கதையைக் கேட்ட என் மனைவிக்கு ஓடியது. உப்புத்தாளைக் கையில் எடுத்தாலே "இன்னிக்கு யாருக்குக் காரியம்?" என்று இன்றும் கேட்கிறாள். மகள் தன் சினேகிதிகளிடம் என்னை, உயிரோடு இருக்கும் ஆளுக்கு இரங்கல் கூட்டம் நடத்தியவர் என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள்.

ஆனால் ஒரு விபரீதம். பெற்ற மகளைத் தெரியாத மனிதர் என்னை மறக்கவில்லை. நான் அவருக்கு "ஞானராஜ் டேக் கொண்டாந்த பையன்". (எனக்குத் தாடி நரைத்துவிட்டது.) ஆள் தெரிந்து பேசுவது என்னிடம் மட்டும்தான் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் வரச்சொல்லி டீச்சரே போன் செய்கிறார். போனால் எப்போதும் அதே கேள்வி.

"அந்தப் பொண்ணு எப்படியிருக்கு? யாராவது பாத்துக்கறாங்களா?"

முதல் தடவை திரும்பிப் பார்த்தேன். டீ டம்ளரோடு பக்கத்தில் நின்ற டீச்சர், "சொல்லுங்க பாய்" என்றார். இப்போது பழகிவிட்டது.

"நல்லா இருக்காங்க சார். ஸ்கூல்ல டீச்சர்."

"பாக்க அவனுக்குக் கொடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டு, மகள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொள்வார்.