காரின் வாயை அடைத்தவர்கள்

சமையல் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொல்லி, நேற்று விட்டும் பார்த்த கணவரை, தலைமையாசிரியை காரை விட்டு இறங்காமலேயே முறைத்துக்கொண்டிருந்தார். நேற்றுவரை மேடுபள்ளத்தில் மட்டும் கத்திய கார், இன்று வழவழப்பான சாலையிலும் கத்தியது. திருப்பத்தில் அது போட்ட சத்தத்துக்கு ஒரு நாய் மரியாதையாக ஒதுங்கி நின்று பதில் சொன்னது.

கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எந்தக் கோளாறுக்கும் முதலில் எதையாவது தடவிப் பார்ப்பது அவர் வழக்கம்.

"ரப்பர் எண்ணெய் குடிச்சு வீங்கிருச்சாம்," என்றார் தலைமையாசிரியை.

உதிரிபாகக் கடைக்காரர் காருக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் மூட்டில் புஷ் என்று ஒரு ரப்பர் உருளை இருக்கிறது. நம் முழங்கால் ஜவ்வு மாதிரி. தேய்ந்தால் கார் முனகும். எண்ணெய் விட்டால் ஊரைக் கூட்டும்.

"திங்கக்கிழமை அதிகாரி வர்றாரு. ஒழுங்கான பள்ளிக்கூடம்னு சான்றிதழ் குடுக்க வர்ற மனுஷன் முன்னால, நான் கழுதை மேல வந்த மாதிரியா போய் இறங்கணும்?"

அந்தச் சான்றிதழை மாட்ட அவர் தன் அறையில் ஆணியே அடித்துவைத்திருந்தார். அவர் பள்ளிக்குள் நுழையும்போது வராந்தாவில் ஒரு தலை தெரியாது. வகுப்புகளிலிருந்து வாய்ப்பாடு மட்டும் கேட்கும். எப்படி இது என்று மற்ற தலைமையாசிரியர்கள் கேட்டு வந்தால், எல்லாம் ஒரு பார்வைதான் என்று சொல்லி, அந்தப் பார்வையை இலவசமாகப் பார்த்துக் காட்டுவார்.

மெக்கானிக் ஷெட்டில் பத்து நாள் ஆகும் என்றார்கள். நாமே மாற்றிவிடலாம் என்றார் கணவர். எண்ணெய்ப் பாவத்தைக் கழுவ அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றினார்கள். போல்ட் அசையவில்லை. கணவர் ஒரு குழாயைச் செருகி நெம்பினார். போல்ட் சட்டென்று மனம் மாறியதில் பூந்தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுத் தச்சரிடம் இரவல் வாங்கிய வைஸ் இடுக்கியில் வைத்துத் திருகத் திருக, பழைய புஷ்கள் கடைவாய்ப்பல் போல வெளியே வந்தன. புதியவை உள்ளே போகமாட்டோம் என்றன.

குளிரவைத்தால் சுருங்கும் என்று கணவர் அவற்றை ஃப்ரீசரில் வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் நான்கில் மூன்றுதான் இருந்தன. நான்காவது மாமனாரின் தண்ணீர் டம்ளரில் கிடந்தது.

"ரொம்ப நேரமா கரையவே மாட்டேங்குதும்மா," என்றார் கண்ணாடி போடாத மாமனார்.

துடைத்து, மறுபடி குளிரவைத்து, அழுத்திச் செருகி, எல்லா போல்ட்டையும் அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்கள். பிறகுதான் காரைக் கீழே இறக்கினார்கள். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது கார் கத்தவில்லை. ஒப்பாரி வைத்தது.

கடைக்காரருக்குப் போன் போனது. கடைசி இறுக்கு இறுக்கும்போது சக்கரம் தரையில் இருந்ததா, தொங்கிக்கொண்டிருந்ததா என்று அவர் கேட்டார். தொங்கிக்கொண்டிருந்ததைத் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார்.

"அதான் மேடம். தொங்கும்போது இறுக்கிட்டா, வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழியும். பாரம் சக்கரத்து மேல இருக்கும்போதுதான் இறுக்கணும். இன்னொரு செட் எடுத்து வைக்கட்டுமா?"

முப்பது வருடத்தில் அவரை யாரும் இப்படி ஒரே கேள்வியில் ஃபெயிலாக்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை போல்ட்டைப் பட்டும் படாமலும் திருகிவிட்டு, காரைப் பலகைச் சரிவில் ஏற்றி நிறுத்தினார்கள். கணவர் அடியில் ஊர்ந்து போனார்.

"டீச்சர், லைட்டை போல்ட்டுல அடிங்க. என் மூக்குல ஒண்ணும் கழட்ட வேண்டியதில்லை."

"மூக்கை நகர்த்துங்க, வெளிச்சம் தானா விழும்."

மாலையில் தெருவை மூன்று முறை சுற்றினார்கள். மேட்டில் ஏற்றினார்கள், பள்ளத்தில் இறக்கினார்கள். கார் மூச்சுக்கூட விடவில்லை. கணவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்து, ஊசி போட்ட குழந்தை மாதிரி தூங்குகிறது என்றார். தலைமையாசிரியை இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை, வழக்கம்போல மிகச் சரியாக ஒன்பது மணிக்கு, கார் பூனை நடையில் பள்ளிக்குள் நுழைந்தது.

வராந்தாவில் கணக்கு வாத்தியார் கைக்கண்ணாடியைத் தூணில் சாய்த்துவைத்து மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அறிவியல் டீச்சர் ஆய்வுக்கூட மேசையில் வீட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பு மதில்மேல் இருந்தது. ஏழாம் வகுப்பு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மைதானத்தின் நடுவே அதிகாரி, காதோரம் பறந்த பந்துக்குக் குனிந்தபடி, நோட்டில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை இறங்கி, தன் பார்வையைப் பார்த்தார். அதைப் பார்க்க ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வாசலோரம் காவலாளி நாற்காலியில் சாய்ந்து, மணியடிக்கும் சுத்தியலை மடியில் கிடத்தித் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அதிகாரியும் பக்கத்தில் வந்து நின்றார்.

காவலாளி கண்ணைத் திறக்காமலேயே அந்தக் கையை அன்பாகத் தட்டிக்கொடுத்தார்.

"நிதானமா சாயம் பூசுங்க சார். அந்தம்மா கார் இன்னும் தெருமுனையில கத்தலை."