ஸ்கோன் தட்டில் தோற்ற செப்புச்சுருள்

பெரிங்குல்லா ஊர்ப் பொருட்காட்சியில் அந்த ஆண்டு செம்மறிக் கிடாப் போட்டியைப் பார்க்க ஆளில்லை. கிடாக்களே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. கூட்டமெல்லாம் டாக்டர் லெஸ்டர் பிம் அவர்களின் கூடாரத்தில். டாக்டர் பட்டத்தை எங்கே வாங்கினார் என்று யாரும் விசாரிக்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், போதாதா?

நிலக்கரி மின்நிலையத்தை மூடப்போகிறோம், பதிலுக்கு இந்த மேட்டு நிலத்தில் காற்றாலை வரும் என்று அரசு அறிவித்ததுமே பிம் வந்து இறங்கிவிட்டார். காற்றாலையிலிருந்து காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்று கிளம்புகிறதாம். தலைவலி, தூக்கமின்மை, கோழி முட்டையிடாமல் போவது, எல்லாம் அதன் வேலையாம். கேட்காத சத்தம் என்பதால் யாரும் கேள்வியும் கேட்கவில்லை. பரிகாரமும் அவரிடமே இருந்தது. ஒரு செப்புச்சுருள். விலை, ஒரு கொழுத்த ஆட்டின் விலை.

மெர்வ் ஹாலனன் தன் சுருளைத் தொப்பிக்குள் தைத்து வைத்திருந்தான். எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் சுழலும் காற்றாலை அவனுக்குத் தலைவலி கொடுத்தது. வீட்டை ஒட்டி ஓடும் நிலக்கரி ரயில் அலமாரிப் பீங்கானையெல்லாம் ஆட்டிவிட்டுப் போகும். அதற்கு நடுவில் இத்தனை வருடம் குறட்டை விட்டவனும் அவன்தான்.

மழை பொய்த்துப் பண்ணைக் குட்டை வறண்டு கிடந்தது. பாதி ஆட்டை விற்றாயிற்று. காற்றாலைக்கு இடம் கொடுத்தால் வாடகை வரும், பண்ணை தப்பும். இல்லையென்றால் கேட்டில் ‘விற்பனைக்கு’ என்று பலகை மாட்ட வேண்டியதுதான். ஒப்பந்தத்தோடு கம்பெனிப் பெண் பக்கத்துக் கூடாரத்தில் காலையிலிருந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். சாயந்திரம் கிளம்பிவிடுவாள்.

“போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு வா மெர்வ்,” என்றாள் மனைவி நோலீன்.

“செத்தாலும் மாட்டேன். கம்பி பொய் சொல்லுமா?”

பிம்மின் கைகளில் இருந்த இரண்டு வளைந்த கம்பிகளைத்தான் சொன்னான். அந்த ஊரில் கிணற்றுக்கு இடம் பார்ப்பதும் இதே மாதிரிக் கம்பியை வைத்துத்தான். மூன்று இடம் தோண்டி ஒன்றில் தண்ணீர் வந்தால், அந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஆயுசுக்கும் பேசுவார்கள். சுருள் இல்லாதவர் முன்னால் கம்பிகள் குறுக்கே விழுந்தன. மெர்வ் முன்னால் நேராக நின்றன. கூட்டம் தலையாட்டியது.

நோலீன் ஸ்கோன் ரொட்டிப் போட்டிக்குப் பொறுப்பாளர். எந்த ரொட்டி யார் சுட்டது என்று அங்கே நடுவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், மாதர் சங்கத் தலைவி சுட்டது கல்லாக இருந்தாலும் பஞ்சாகிவிடும். அதனால் பெயரை மறைத்து, நம்பர் போட்டு, துணியால் மூடிவிடுவார்கள்.

“டாக்டரய்யா, எங்க ஸ்கோனுக்கு வைக்கிற பரீட்சைதான், உங்களுக்கும் வச்சுப் பாப்போம்,” என்றாள். “ஆறு தட்டு, ஆறு துணி. ஏதோ ஒரு துணிக்கு அடியில என் வீட்டுக்காரனோட சுருள் இருக்கும். எதுன்னு எனக்கே தெரியாது. போட்டியில எனக்கு ஒத்தாசையா இருக்கிற தெல்மா யாரும் பாக்காம வச்சுட்டு வெளிய போயிடுவா. சுருள் எங்க இருக்குன்னு கம்பியை விட்டுக் கேளுங்க.”

“அதுக்கென்ன அம்மணி,” என்றார் பிம். அத்தனை பேர் பார்க்கும்போது வேறென்ன சொல்வார்?

மெர்வின் தொப்பியிலிருந்து பிரித்தெடுத்த சுருளைத் தெல்மா வைத்துவிட்டுப் போனாள். நாலாவது தட்டின் மேல் கம்பிகள் ஆடாமல் நின்றன. துணியை எடுத்தார்கள். பூசணி ஸ்கோன்.

“சோடா உப்பு அலையைத் தடுக்குது,” என்றார் பிம்.

ரொட்டிகளை எடுத்துவிட்டு, தெல்மா சுருளை மாற்றி வைத்தாள். இந்தத் தடவை இரண்டாவது தட்டைக் காட்டினார். வெறும் தட்டு.

“சந்தேகப்படறவங்க பக்கத்துல இருந்தா கம்பி வேலை செய்யாது.”

“நியாயந்தான். நான் வெளிய போறேன், என் புருஷன் நடத்தட்டும். அவனைவிட உங்களை நம்புற ஆளு இந்த ஜில்லாவுலயே கிடையாது.”

மெர்வ் துணிகளைச் சரிசெய்தான். தெல்மா மறுபடி வைத்துவிட்டுப் போனாள். “கண்டுபிடிச்சிடுங்க டாக்டர், ஊர்ல என் மானம் போயிடும்,” என்று மெர்வ் பிம்மின் காதருகே கெஞ்சினான். பிம் ஆறாவது தட்டைக் காட்டினார். மெர்வே துணியைத் தூக்கினான். ஒன்றுமில்லை. மற்றத் துணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தான். சுருள் முதல் தட்டில் கிடந்தது. கம்பிகள் ஒன்றோடொன்று அதிகமாக மல்லுக்கட்டியது அந்தத் தட்டின் மேல்தான்.

“இன்னிக்குக் காத்து சரியில்ல,” என்று பிம் கம்பிகளைப் பைக்குள் போட்டான். (மரியாதையெல்லாம் இதுவரைக்கும்தான்.)

“அப்போ என் தலைவலி? அது பொய்யா?” என்று மெர்வ் கேட்டான்.

பிம் பையின் ஜிப்பை இழுப்பதில் மும்முரமாக இருந்தான். வாசலில் நின்ற நோலீன்தான் பதில் சொன்னாள்.

“தலைவலி நிசம் மெர்வ். ஆட்டுக்குத் தீனி இல்ல, குட்டையில தண்ணி இல்லன்னு ராத்திரியெல்லாம் கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கிற. எவனுக்குத்தான் வலிக்காது? அதுக்குச் செம்புல மருந்து இல்லடா.”

மெர்வ் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். பிறகு சுருளைத் தட்டிலேயே விட்டுவிட்டு, பக்கத்துக் கூடாரத்துக்கு நடந்தான். கம்பெனிப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். “பேனா இருக்கா?” என்றான்.

பிம் இப்போது அடுத்த ஊரில் இருக்கிறான். அங்கே சூரியத் தகடு வரப்போகிறதாம், ஈயத்தில் தாயத்து செய்கிறானாம். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ரொட்டிக்குப் பரிசு கொடுக்க அவ்வளவு யோசிக்கிற நீங்கள், உங்கள் மண்ணின் தலையெழுத்தை எவனோ ஒருவனுடைய கம்பியிடம் ஒப்படைக்காதீர்கள். துணியைத் தட்டின் மேல் போடுங்கள். மூளையின் மேல் போட்டிருப்பதை எடுங்கள்.